விவாதம் கற்பித்த கல்லூரியும் விவாதிக்கப்படாத முடிவும்

மேல்நாட்டுத் தத்துவப் பேராசிரியர் ஒருவர் கீழைத்தேய நகரொன்றுக்கு வருகிறார். பதினைந்து, பதினெட்டு மாணவரைத் தம்மைச் சுற்றி அமரச் செய்கிறார். விரிவுரை நிகழ்த்துவதை விடுத்து, நூலொன்றை நடுவில் வைத்து, "இதுபற்றி உமது கருத்து யாது?" என வினாவுகிறார். இத்தகைய முயற்சியை மதிப்பிட நம்மிடையே இரண்டு விடைகள் எப்பொழுதும் ஆயத்தமாக உள்ளன. ஆங்கிலங் கற்ற மேற்றட்டினர் "இதுவன்றோ கல்வி" என்று வியப்பர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோருட் சிலர், கலாசார ஏகாதிபத்தியம் என ஒரு சொல்லில் அதனை ஒதுக்கிவிடுவர். இரண்டும் சிந்திக்கும் உழைப்பை மிச்சப்படுத்தும் விடைகள். சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு நிறுவப்பெற்று 2025ஆம் ஆண்டு மூடப்பட்ட யேல்-என்.யூ.எஸ். கல்லூரியின் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து இவ்விரு விடைகளும் நில்லாமற் போகின்றன. அவ்வரலாறு நமக்கு அயலானதெனினும் ஆசிரியத் தொழில் புரிவோர் எவரும் அதனைப் புறக்கணித்தல் தகாது.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் இணைந்து அமைத்த கல்லூரி இது. இணைப்பின் நிபந்தனைகளை முதலில் மனங்கொளல் வேண்டும். செலவு சிங்கப்பூரைச் சார்ந்தது. பட்டத்தை வழங்குவது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். யேலின் பட்டம் எவருக்கும் கிடையாது. யேல் தந்தது அறிவுரையும் தன் பெயரும். 2013ஆம் ஆண்டு முதற்றொகுதியாக 157 மாணவர் சேர்ந்தனர். அவர்களுக்குக் கற்பிக்கக் கருதியது தாராண்மைக் கலைக்கல்வி. ஒரு தொழிலுக்கோ ஒரு துறைக்கோ ஆளைத் தயாரிக்கும் அவசரமின்றி, இலக்கியம், தத்துவம், சமூக ஆய்வு, விஞ்ஞான நோக்கு, கணித நியாயம் ஆகியவற்றை எல்லா மாணவரும் பொதுவாகப் பயின்று, சிறு குழுக்களில் வாதித்துத் தெளியும் முறையையே இப்பெயர் குறிக்கும். வைத்தியனாகவோ பொறியியலாளனாகவோ ஆகப்போகிறவனும் அரிஸ்டோட்டிலோடு சிறிது மல்லுக்கு நிற்கவேண்டும் என்பது இதன் கோட்பாடு.

அக்கல்லூரியின் தத்துவக் கற்கைநெறிக்கு முதற்றலைவராக வந்தவர் ஜே கார்பீல்ட். இவரைச் சாதாரண ஏற்றுமதிப் பண்டமாகக் கருதுவது பெருந்தவறு. நாகார்ச்சுனரின் மூலமத்தியமக காரிகையைத் திபெத்திய மொழிவழி ஆங்கிலத்திற் பெயர்த்து உரையுடன் 1995இல் வெளியிட்டவர் இவர். காசிக்கு அருகே சாரநாத்தில் திபெத்திய அகதிகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனத்தோடு நெடுநாள் தொடர்புடையவர். திபெத்தியப் பிக்குகளின் கல்விமுறையில் முற்றத்து விவாதம் தலையாய இடம் பெறுவது பலரும் அறிந்ததே. ஒருவர் நின்று கைதட்டி வினாவ, மற்றவர் அமர்ந்து விடையிறுப்பர். விடையில் முரண் தோன்றின் கூட்டம் ஆரவாரிக்கும். இதனை அறிந்த ஒருவர், கலந்துரையாடல் என்பது ஆங்கிலேயனும் அமெரிக்கனும் கண்டுபிடித்த வித்தை என எண்ணியிருக்க நியாயமில்லை. 2013 முதல் 2016 வரை கார்பீல்ட் வகித்த பேராசிரியப் பதவி, சிங்கப்பூரின் வோட்டர்லூ வீதியிலுள்ள குவான் இம் தொங் ஹூட் சோ கோயிலின் பெயரைத் தாங்கியது. பௌத்தத் தத்துவம் பயின்ற ஓர் அமெரிக்கர், சீனர் வழிபடும் கருணைத் தேவியின் கோயிற் பெயரால் அமைந்த கதிரையில் அமர்ந்தார். (அக்கோயிலின் பக்கத்திலேயே தமிழர் கட்டிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் உண்டு. குவான் இம்மை வணங்கிவரும் சீனர் கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி கொளுத்திச் செல்வர். ஒப்பியல் தத்துவத்தை அவ்வீதி மக்கள் பேராசிரியர் எவரும் வருமுன்னரே நடைமுறைப்படுத்திவிட்டனர் போலும்!)

பாடத்திட்டத்தை நோக்குவோம். முதலாண்டு மாணவர் ஹோமரின் ஒடிசியை வான்மீகியின் இராமாயணத்தோடு வைத்துப் படித்தனர். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டசுக்கு எதிரே சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் அமர்ந்தார். அரிஸ்டோட்டிலும் கன்பூசியசும் ஒரே பருவத்தில் வாசிக்கப்பட்டனர். இஃது அலங்காரத்துக்காகச் செய்த சேர்க்கை எனக் கூறமுடியாது. 2016 மே மாதத்தில் கார்பீல்டும், பின்னாளில் அதே கதிரையில் அமர்ந்த பிரையன் வான் நோர்டனும் சேர்ந்து நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரை அமெரிக்கத் தத்துவ உலகிற் பெரும் பூசலைக் கிளப்பியது. ஐரோப்பியச் சிந்தனையை மட்டும் கற்பித்துவிட்டுத் தத்துவத்துறை என்னும் பொதுப்பெயரைச் சூட்டிக்கொள்வது நேர்மையன்று. அத்தகைய துறைகள் "ஐரோப்பிய அமெரிக்கத் தத்துவத்துறை" எனத் தம் பெயரை மாற்றிக்கொள்ளட்டும் என்பது அதன் வாதம். நியாயமான வாதம். காலனித்துவக் கல்வி நம் தலையில் ஏற்றிய சுமையை மேல்நாட்டார் இருவர் தம் சொந்த வீட்டு முற்றத்திற் கேள்விக்குள்ளாக்கியமையை மகிழ்ந்து வரவேற்பதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. ஏகாதிபத்தியம் என ஒரே வீச்சில் ஒதுக்குவோரின் கூற்று இவ்விடத்தில் வலுவிழக்கிறது.

ஆயினும் நூற்பட்டியல் விரிந்துவிட்டால் அறையும் விரிந்துவிடுமா?

வான்மீகியும் கன்பூசியசும் அவ்வறைக்குள் ஆங்கில உடையணிந்தே நுழைந்தனர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகளாக உள்ள நாட்டில் கருத்தரங்கின் மொழி ஆங்கிலம் ஒன்றே. இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. பல நாடுகளிலிருந்து வந்த மாணவருக்கு வேறு பொதுமொழி இல்லை. ஆனால் விவாத மண்டபத்தின் வாயிலில் நிற்கும் காவலை நாம் காணாதிருத்தல் ஆகாது. மணிமேகலைக் காப்பியத்தை இங்கு நினைவுகூரலாம். வஞ்சி மாநகரில் அளவைவாதி முதலாகப் பல சமயத்தாரின் கொள்கைகளையும் மணிமேகலை கேட்டறிகிறாள். சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதையைப் போற்றுவோர் பலரும் விரைந்து கடந்துபோகும் செய்தி ஒன்றுண்டு: அவள் அங்கு இளம்பெண்ணாகச் செல்லவில்லை, மாதவன் ஒருவனின் வடிவெடுத்துச் செல்கிறாள். வாதங் கேட்கவே கணிகையின் மகளுக்கு வேடம் வேண்டியிருந்தது. நம் பழம்பெருமையிற் பட்டிமண்டபம் உண்டு. அதன் படிக்கட்டில் ஏற முடியாதோரும் உண்டு. இன்றைய வேடத்தின் பெயர் பிழையற்ற ஆங்கில உச்சரிப்பு.

கலந்துரையாடற் கல்வி பற்றி நம் ஆசிரியருலகில் நிலவும் தயக்கத்தையும் இங்கே சுட்டவேண்டும். "இது நம் மரபன்று, குரு சொல்ல மாணவன் கேட்பதே நம் மரபு" என்பார் உளர். நன்னூலைப் பாராயணம் பண்ணியோரும் இவ்வாறு கூறுவதுதான் வியப்பு. ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டு மனங்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்குப் புலமைதான் என நன்னூலின் பொதுப்பாயிரம் கணக்கிடுகிறது. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்தடையும். பவணந்தியார் வகுத்த இக்கணக்கின்படி நம் உயர்தர வகுப்புகளில் நாம் தருவது எத்தனை பங்கு? குறிப்புச் சொல்லி எழுதுவிக்கிறோம். சென்ற ஆண்டு வினாத்தாளைப் பார்த்து வருகிற ஆண்டு வினாவை ஊகிக்கிறோம். நாற்பது பேர் நெருங்கி அமர்ந்த வகுப்பிற் கேள்வி கேட்கும் மாணவனைப் பாடத்திட்டத்தின் எதிரியாகப் பார்க்கப் பரீட்சை நம்மைப் பழக்கியிருக்கிறது. ஆகவே பதினெட்டுப் பேருக்கு ஒரு பேராசிரியர் என்னும் அந்த அறையைக் கண்டு பெருமூச்செறியாத ஆசிரியர் இரார். அந்தப் பெருமூச்சை ஒப்புக்கொண்டே மேற்செல்கிறேன்.

அவ்வறை யாருடைய தீர்மானத்தால் எழுந்தது என்பதை அறிய நியூ ஹேவனுக்குத் திரும்புதல் வேண்டும். யேலின் ஆசிரியர் சபை வாக்களித்து இக்கல்லூரியைத் தோற்றுவிக்கவில்லை. தலைவர் ரிச்சர்ட் லெவினும் நிருவாகத்தாரும் ஒப்பந்தம் செய்தனர். ஆசிரியர்கள் பின்னர் வாதாடினர். 2012 ஏப்ரிலில் அச்சபையின் முன் பிரேரணையொன்றைக் கொணர்ந்தவரும் தத்துவப் பேராசிரியரே. துருக்கியிற் பிறந்து, ஜேர்மனியத் தத்துவ மரபில் ஊறி, பொதுவெளியில் நிகழும் நியாய விவாதமே ஜனநாயகத்தின் உயிர் எனத் தம் நூல்களில் வற்புறுத்திவரும் செய்லா பென்ஹபீப் அவர். சிங்கப்பூரில் குடியியல், அரசியல் உரிமைகள் மதிக்கப்படாத வரலாறு குறித்துக் கவலை தெரிவித்த அப்பிரேரணை, லெவினின் எதிர்ப்பையும் மீறி, 69க்கு எதிராக 100 வாக்குகளால் நிறைவேறியது. நிறைவேறியதால் ஒன்றும் நிகழவில்லை. அதற்கு எவரையும் கட்டுப்படுத்தும் அதிகாரமிருக்கவில்லை.

ஒரு தத்துவப் பேராசிரியர் வீட்டிலிருந்து எச்சரித்தார். இன்னொருவர் கடல் கடந்து சென்று கற்பித்தார். இருவரில் எவர் சரி எனத் தீர்ப்புக் கூறுவது எளிதன்று. பென்ஹபீப்பின் வழியையே யாவரும் பின்பற்றியிருப்பின் பன்னிரண்டு ஆண்டுக் காலம் சிங்கப்பூரில் நிகழ்ந்த அரிய கற்பித்தல் நிகழாமலே போயிருக்கும். சுதந்திரம் முழுமையாக வரும்வரை கல்வி காத்திருக்க வேண்டுமெனின் உலகிற் பெரும்பாலான வகுப்பறைகளைப் பூட்டிவிட வேண்டியதுதான். கார்பீல்டின் வழியே போதுமென எண்ணினால், பின்னர் நிகழ்ந்தவற்றை விளக்க இயலாது.

2012 யூலையில், கல்லூரியின் முதற்றலைவராக நியமனம் பெற்ற பெரிக்ளிஸ் லூயிஸ் பத்திரிகையொன்றுக்கு அளித்த செவ்வியில் எல்லையை வகுத்துக் காட்டினார். மாணவர் தம் கருத்தைக் கூறலாம். ஆனால் வளாகத்தில் அரசியல் ஆர்ப்பாட்டம் நடத்தவோ கட்சிச் சார்பான சங்கம் அமைக்கவோ இடமில்லை. கருத்து உண்டு, கூட்டம் இல்லை. அதாவது, வகுப்பில் எழுந்த சிந்தனை வகுப்பிலேயே அமரவேண்டும். அரிஸ்டோட்டில் மனிதனை அரசியல் விலங்கு என்றதை முதலாண்டிற் படிக்கும் மாணவன், அந்த விலங்கு எந்த வேலிக்குள் மேயலாம் என்பதையும் அதே ஆண்டிற் கற்றுக்கொள்வான். அரிஸ்டோட்டிலே ஏதென்சில் வாக்குரிமையற்ற அந்நியனாக வாழ்ந்தவன். அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323இல் அந்நகரை விட்டு வெளியேறியவன். குடியுரிமையில்லாத ஊரில் தத்துவங் கற்பிப்போரின் இக்கட்டு பழையது.

எல்லை எங்கேயுள்ளது என்பது 2019 செப்டெம்பரில் யாவருக்கும் வெளிச்சமாயிற்று. சிங்கப்பூரில் எதிர்ப்பும் மாற்றுக் கருத்தும் பற்றிய ஒருவாரக் கற்கையொன்றை நாடகாசிரியர் அல்ஃபியான் சாஅத் ஏற்பாடு செய்திருந்தார். ஹொங் லிம் பூங்காவுக்குச் செல்லுதல், எதிர்ப்புப் பதாகை தயாரித்தல் என்பனவும் அதில் அடங்கியிருந்தன. அனுமதியின்றிப் பொதுவிற் கூடிப் பேச அந்நாட்டிற் பேச்சாளர் மூலை என ஒதுக்கப்பட்ட இடம் அப்பூங்கா ஒன்றே. தொடங்குவதற்கு ஏறத்தாழ இரு வாரமிருக்கையில் கற்கை இரத்துச் செய்யப்பட்டது. மாணவர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம் எனவும் கற்கையிற் புலமைச் செறிவு போதாது எனவும் கல்லூரி காரணங் கூறியது. யேலின் சார்பில் விசாரித்த லூயிஸ், இதில் அரசாங்கத் தலையீடு இல்லை என அறிக்கை தந்தார். அவர் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டால் நிலைமை இன்னும் கவலைக்குரியதாகிறது. கட்டளை வராமலே கட்டளையின்படி நடக்கும் நிறுவனம் தன் எசமானனைத் தனக்குள்ளேயே வளர்த்துவிட்டது எனலாம். அடுத்த மாதம் கல்வியமைச்சர் ஓங் யீ குங் பாராளுமன்றத்தில் அல்ஃபியானின் கவிதை வரிகளைப் படித்துக் காட்டி, கல்விச் சுதந்திரம் அரசியற் கிளர்ச்சிக்குப் போர்வையாகலாகாது என்னும் பொருள்படப் பேசினார். கவிதை வாசிப்பு கருத்தரங்கில் நிகழாமல் பாராளுமன்றத்தில் நிகழ்ந்தது. விடையளிக்கக் கவிஞர் அங்கில்லை.

2021 ஓகஸ்ட் 27ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. கல்லூரி தேசியப் பல்கலைக்கழகத்தின் மற்றொரு திட்டத்தோடு இணைக்கப்படும். அவ்வாண்டு சேர்ந்தவரே கடைசித் தொகுதி. 2025இல் யேலின் பங்கு முடியும். அப்போதைய கல்லூரித் தலைவர் டான் டாய் யோங்கிற்கே, முடிவு செய்யப்பட்ட பின்னர், அறிவிப்புக்குச் சில வாரங்களின் முன்புதான் இது தெரிவிக்கப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் அன்று காலை அறிந்தனர். யேல் இம்முடிவு தன்னுடையதன்று எனவும், தொடரவே தான் விரும்பியதாகவும் கூறி வருந்தியது. நியூ ஹேவன் ஆசிரியரின் வாக்கின்றித் தொடங்கியது, சிங்கப்பூர் ஆசிரியரின் வாக்கின்றி முடிந்தது.

முடிவுக்குக் கூறப்பட்ட நியாயங்களை முற்போக்கு வாசகர் சிறப்பாக ஆராய்தல் வேண்டும். அவை நம் மொழியிலேயே பேசின. இத்தகைய கல்வி ஒரு சிலருக்கு மட்டும் உரியதாதலாகாது, மேலும் பலருக்குக் குறைந்த செலவிற் கிட்டவேண்டும் என்றனர். செப்டெம்பரில் பாராளுமன்றத்தில் விளக்கமளித்த அமைச்சர் சான் சுன் சிங் நிதி நிலைமையையும் எடுத்துக் கூறினார். திரட்டக் கருதிய மூலநிதி சேரவில்லை. மாணவர் ஒருவருக்கான செலவு பல்கலைக்கழகத்தின் ஒத்த பிற கற்கைநெறிகளின் செலவைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டது. இவ்வாதத்திற் சாரமில்லை எனக் கூறமாட்டேன். அரசாங்கப் பணத்தில் ஒரு சிறு தொகுதிக்கு அரண்மனை எழுப்புவதை எந்தச் சமத்துவவாதியும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவியலாது. ஆனால் சமத்துவத்தை நோக்கமாகக் கொண்ட முடிவை ஏன் சமத்துவமான முறையில் எடுக்கவில்லை? வரவுசெலவுக் கணக்கை மாணவர் ஆசிரியர் முன் வைத்து, "இவ்வளவுதான் பணம், வழி கூறுங்கள்" என்று கேட்டிருப்பின், எட்டாண்டுக் காலம் அவர்களை எதற்குப் பழக்கினார்களோ அதற்கு அதைவிடச் சிறந்த பரீட்சை வேறிருந்திராது. சமத்துவம் என்னும் சொல் மேலிடத்து ஆணைக்கு ஒப்பனையாகும்போது அதனை முதலில் இனங்காணவேண்டியவர் நாமே.

கார்பீல்டும் வான் நோர்டனும் எழுதிய அக்கட்டுரைக்கு இனித் திரும்பலாம். எந்தத் தத்துவாசிரியர் நூற்பட்டியலில் இடம்பெறுவது என்பதே அதன் கேள்வி. அமெரிக்கத் துறைகளை நோக்கி எழுதிய கட்டுரையில் சிங்கப்பூரின் அதிகார அமைப்பைத் தேடுவது நியாயமன்று. ஆயினும் அதில் வெளிப்படும் நம்பிக்கை ஒன்றைத் தாராண்மைக் கல்வியாளர் பலரிடமும் காண்கிறோம். நூல்கள் பரந்தவையாக, வாசிப்பு நேர்மையாக, உரையாடல் கட்டற்றதாக இருந்தால் அறை சுதந்திரமானது என்பது அந்நம்பிக்கை. அறைக்குச் சுவருண்டு. சுவருக்குச் சொந்தக்காரருண்டு. கருத்தரங்கில் நாகார்ச்சுனரின் சூனியவாதத்தைத் தர்க்கித்துத் தகர்க்கலாம், கன்பூசியசை மறுக்கலாம், பிளேட்டோவின் தத்துவ அரசனைப் பரிகசிக்கலாம். கல்லூரி இருக்கவேண்டுமா என்னும் கேள்வி மட்டும் அந்த மேசைக்கு வரவேயில்லை. எதுவும் பேசலாம், எதையும் தீர்மானிக்க முடியாது எனும் நிலையில் உரையாடல் மெல்ல மெல்ல ஒரு நாகரிகப் பயிற்சியாகி, நேர்முகப் பரீட்சையிற் பயன்படும் திறமையாகிவிடும் ஆபத்துண்டு. வெளிநாட்டுக் கம்பனிகள் விரும்பி வேலைக்கமர்த்துவது இத்திறமையைத்தான்.

அவ்வாபத்து முற்றாக நிறைவேறவில்லை என்பதற்கு மாணவரே சாட்சி. 2018 மார்ச்சில் அவர்களிற் சிலர் நிருவாகத்தின் தீர்மானங்களில் தமக்குக் குரலில்லை எனக் கூறிக் கல்லூரிக்குள்ளேயே அமர்ந்து மறியல் செய்தனர். ஆறாண்டுக்கு முன் வகுத்த எல்லையை எவரிடமும் கேளாமற் சிறிது நகர்த்தினர். 2021இல் மூடுதல் அறிவிக்கப்பட்டதும், அக்காலத்தில் இணைக்கப்பட்ட பிற துறைகளின் மாணவரோடு சேர்ந்து, மேலிருந்து திணிக்கும் முடிவுகள் இனி வேண்டா என்னும் முழக்கத்தோடு மகஜரொன்று தயாரித்தனர். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மகஜர் வெல்லவில்லை. ஆனால் தம் கல்லூரிக்காக மட்டும் அழாமல், அதே முறையிற் பாதிக்கப்பட்ட மற்றவரோடு அவர்கள் கைகோத்தமை கவனிக்கத்தக்கது. வசதிமிக்க சிறு தொகுதியினர் என நாம் எண்ணியவர்கள் வளாகச் சுவரைத் தாண்டிப் பொதுநலனைக் கண்டனர். பேராசிரியர் எவரும் பாடத்திட்டத்தில் இதனை எழுதி வைக்கவில்லை. ஆயினும் கார்பீல்டும் அவருடைய சகாக்களும் கற்பித்தவற்றுள் பயன் விளைத்தது எதுவென என்னைக் கேட்டால் இதனையே சொல்வேன்.

2025 மே மாதத்தில் கடைசித் தொகுதியினர் பட்டம் பெற்றனர். அதே மாதத்தில் கல்லூரி நூலகத்தின் மிகுதி நூல்கள் பைகளிற் கட்டப்பட்டு, கழிவுத்தாளாக அரைபடுவதற்கு லொறியில் ஏறின. அவற்றைத் தமக்குத் தருமாறு மாணவர் கேட்டுப் பார்த்தனர். படங்கள் பரவிப் பொதுமக்களிடையே கண்டனம் எழுந்த பின்னர் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரி, எஞ்சியவற்றை விரும்பியோர் எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்தது.